கை அலம்பாத வரன்

பெண் பார்க்கப் போன ஜட்கா மைசூர் லட்சுமிபுரத்துக்குள் திரும்பியதும் ரங்குவின் அம்மா செலுவம்பா மறுபடி ஆரம்பித்தாள்.

“ரங்கு, கிருமின்னு வாயைத் திறந்தே, நான் அப்படியே எறங்கிப் போயிடுவேன்.”

ரங்கு மகாராஜா சர்க்காரின் கிருமி சோதனைச்சாலையில் வேலை பார்ப்பவன். காபியைக் கண்டாலும் கிருமி, தயிரைக் கண்டாலும் கிருமி என்று பேசியே மூன்று சம்பந்தங்களைக் கலைத்தவன்.

“மேல்கோட்டைப் பொண்ணாத்துலே திருக்கண்ணமுதுப் பாயசத்தைக் கையிலே வாங்கிண்டு, நாளைக்கு இதுல எத்தனை கோடி உயிர் முளைக்கும் தெரியுமோன்னு கேட்டியே! இங்கே கை அலம்பத் தண்ணிகூடக் கேக்கப்படாது.”

“சரிம்மா.”

பெண் வீட்டுக் கூடத்தில் குமுதவல்லி வந்து சேவித்துவிட்டு, தலை குனிந்தபடியே பஜ்ஜித் தட்டை நீட்டினாள். ரங்கு தன் கையைப் பார்த்தான். வழியெல்லாம் ஜட்காக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த கை. அம்மா முறைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு பஜ்ஜியை எடுக்கப் போனான்.

தட்டு சட்டென்று பின்னால் போனது.

“கை அலம்பாம தொடாதேங்கோ. ஒரு நகக்கண்ணுல லட்சம் கிருமி இருக்கும்” என்றாள் குமுதவல்லி.

கதவோரம் நின்ற அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “போச்சு! ஆறாவது வரனும் போச்சு! காலேஜ்ல மைக்ராஸ்கோப்பைப் பார்த்ததுலேர்ந்து இதே பேச்சு. இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிண்டு இருடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

ரங்கு விருட்டென்று எழுந்தான்.

“கோச்சுண்டு கெளம்பாதேடா, உக்காரு!” என்று செலுவம்பா பதறினாள்.

“யார் கோச்சுண்டா? நான் கை அலம்பிண்டு வரேன். அதுக்குள்ள நீ தாம்பூலத்தை மாத்திண்டுடும்மா!”