சுவரைப் பார்த்த நாற்காலி

வலைத்தளங்கள் செய்துதரும் எங்கள் அலுவலகத்தில், ஒரு வாடிக்கையாளரின் வலைத்தள முகவரியான டொமைன் காலாவதியாகப் போகிறது என்றால், கணக்குப் பார்க்கும் அக்கா, அதற்குப் பொறுப்பானவரின் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். புதுப்பிக்கும்வரை நின்றுதான் ஆகவேண்டும். அக்கா இறந்தபின் அந்த வேலைக்கு மென்பொருள் வாங்கினோம். அலுவலகத்தையும் மாற்றினோம்.

இன்று காலை என் நாற்காலி சுவரைப் பார்த்திருந்தது. மென்பொருளில் எல்லாம் பச்சை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ரத்த வங்கியின் டொமைனை அதில் ஏற்றவே மறந்திருக்கிறேன். இன்றுதான் கடைசி நாள்.

புதுப்பித்தேன். "காப்பாத்திட்டீங்கக்கா," என்று சுவரிடம் சொன்னேன்.

"அவங்க இந்த ஆபீசுக்கு வந்ததே இல்லையேப்பா," என்றார் முதலாளி. பிறகு, "சரி, வந்தவங்கள நிக்க வைக்கக் கூடாது. ஒரு சேர் போடு."

ஜன்னலோரம், வெளியே பார்த்தபடி போட்டோம். சாப்பிட்டுவிட்டு வந்தபோது அது எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது.