கட்டிப்பிடித்த டிவி

கல்குவாரிக் கம்பெனியின் சமூக நலப் பிரிவிலிருந்து சுகன்யா வந்திருந்தாள். ஊருக்கு இலவசமாகக் கொடுத்த டிவிகளை மக்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் படம் எடுக்க வேண்டும்.

முதல் வீட்டில் காளியாத்தாள் டிவிக்குக் குங்குமப் பொட்டே வைத்திருந்தாள்.

"நல்லா ஓடுதுங்களாம்மா?"

"அருமையா ஓடுதுங்க. செத்த இருங்க, காப்பி..." என்றவள் கடிகாரத்தைப் பார்த்தாள். உடனே ஓடிப்போய் டிவியை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சுகன்யா நெகிழ்ந்துபோனாள். இப்படியொரு நன்றியை அவள் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. மளமளவென்று நான்கு படம் எடுத்தாள். ஆண்டறிக்கைக்கு அட்டைப்படமே கிடைத்துவிட்டது!

"டிவி மேல அவ்வளவு பாசமாம்மா?"

அப்போதுதான் கவனித்தாள். காளியாத்தாளின் கணவர் சின்னண்ணன் பாத்திர அலமாரியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாசமெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க. மணி ஒண்ணாகப் போவுது, உங்க குவாரியில வேட்டு வெக்கற நேரம். அந்த முருகர் படத்து ஆணி ஆடுது, செத்த புடிச்சுக்குங்க கண்ணு!" என்றாள் காளியாத்தாள், டிவியை விடாமலே.

சுவர் அதிர்ந்தபோது சுகன்யா முருகனை இறுகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அதைப் படம் எடுக்கத்தான் ஆளில்லை.