ஏழாயிரம் சுற்று

"சத்தியம் பண்ணு. ஞாயித்துக்கிழமை பந்தயத்துல உன் இன்ஜின் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றைத் தாண்டக் கூடாது."

"சத்தியமா தாண்டாது. போதுமா? லைட்டை ஆட்டாம பிடிங்க."

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சத்தியத்துக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். கார் பந்தயமே உயிர் என்றிருக்கிற மனைவி ஒரு நாளும் பிடி கொடுத்ததில்லை. இன்று கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிட்டாளே!

பட்டறையில், ஸ்டாண்டில் மாட்டியிருந்த இன்ஜினுக்கு அவள் ஆயில் பம்ப்பின் பல்சக்கரங்களை மாற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனி போட்ட சக்கரம் ஏழாயிரத்துக்கு மேல் தாங்காது. அது நொறுங்கினால் ஆயில் நின்று, இன்ஜின் இறுகி, வண்டி சுவரில் போய் மோதும். போன பந்தயத்தில் ஒருவன் அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அதைப் பார்த்த பயத்தில் தையல்காரர் எங்கெங்கோ அலைந்து மனைவிக்காக வாங்கி வந்தவைதான், எட்டாயிரத்தையும் தாங்கும் இந்த எஃகுச் சக்கரங்கள். தேடாத இடமெல்லாம் தேடி, ஒரே ஒரு ஜோடிதான் கிடைத்தது.

"என் தையல் மிஷினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா அது பாட்டுக்கு ஓடும். உன் செல்லத்துக்கு எவ்வளவு சீராட்டு!"

"உங்களுக்கு எல்லா இன்ஜினும் ஒரே மூஞ்சி. பேசாம இருங்க." சிரித்துக்கொண்டே சக்கரங்களின் இடுக்கில் கிரீஸை விரலால் அப்பினாள்.

"உன் தம்பி வண்டியும் இதே மாடல்தானே? ரெண்டு வருஷமா வீட்டுல பேச்சு கிடையாது, களத்துல மட்டும் முட்டிக்கிறீங்க. எப்படி ஓட்டறான் அவன்?"

"எட்டாயிரத்துல மிதிப்பான். சொன்னா கேக்கற ஜென்மமா அது?" அவள் இன்னும் கொஞ்சம் கிரீஸை அப்பினாள்.

"மிதிக்கட்டுமே. இந்தச் சக்கரம் இருக்கறப்போ கப்பு உனக்குத்தான்!"

அவள் மூடியை முடுக்கி, ஆயில் ஊற்றி, ப்ளக் மாட்டாமலேயே இன்ஜினைச் சுற்றவிட்டாள். ஆயில் மீட்டரின் முள் எழும்புகிறவரை மூச்சு விடவில்லை. எழும்பியதும் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அசடு! இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அடுத்த தெருப் பட்டறைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்ஜினை ஏத்திக்கலாமாம்மா? நீங்க செஞ்சதுன்னு உங்க தம்பிகிட்ட மூச்சு விடல. என் பட்டறையிலதான் வேலை நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்."

தையல்காரர் லைட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்போ... உன் வண்டியில?"

"பழைய சக்கரம்தாங்க." கிரீஸ் கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதான் ஏழாயிரத்தைத் தாண்ட மாட்டேன்னு உங்களுக்குச் சத்தியம் பண்ணிட்டேனே."