தேவி வாங்கிய பேச்சு

“புருசன் கையெழுத்து இல்லாம முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டா என்ன பண்றது, தேவி?”

அழகி தாழ்ந்த குரலில் கேட்டாள். புதுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில், குடும்பநலப் பிரிவின் வாசல் பெஞ்சில் மாமியாரும் மருமகளும் ஒண்டி உட்கார்ந்திருந்தார்கள். ஊரெல்லாம் டெங்குக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனைக்கு நின்ற வரிசை அந்த வாசல்வரை நீண்டிருந்தது.

“அனுப்ப மாட்டாங்கத்தே. பதினெட்டு வயசு தாண்டுன பொம்பளைக்கு அவ சம்மதம் மட்டும் போதும். சட்டமே அப்படித்தான்,” என்றாள் தேவிப்ரியா.

சட்டம் என்றாலே அழகிக்குப் போலீஸ்தான் நினைவுக்கு வரும். அப்பனும் மகனும் ஒரே போர்வெல் லாரியில் வடக்கே போயிருந்தார்கள். போன் கிடைக்கவில்லை. வயிற்றில் இருப்பதை வளரவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வசதி இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

‘தாயே பிரகதாம்பா, தெரிஞ்ச முகம் ஒண்ணும் வந்துரக் கூடாது.’

வேண்டி முடிப்பதற்குள் காய்ச்சல் வரிசையிலிருந்து கண்ணாத்தாள் திரும்பிப் பார்த்தாள். அதே தெருக்காரி.

“என்ன அழகி, இங்கிட்டு ஒக்காந்திருக்க? இது புள்ளையக் கலைக்க வர்ற எடமாச்சே?”

அழகி மருமகளைப் பார்த்தாள்.

“எனக்காகத்தான் வந்தோம் சின்னத்தே,” என்றாள் தேவி. “இப்ப வேணாம்னு நாந்தான் சொன்னேன்.”

“அடிப் பாவி மகளே. தாலிக்கயித்துல மஞ்சகூடக் காயல, தலைப்புள்ளையவா? கோயில் கோயிலா அலையிறவளுக்கு ஒண்ணும் தங்கல, ஒனக்கு வேணாமாக்கும். நர்சிங் படிச்ச திமிரு. ஏன் அழகி, இதுக்கு நீயும் தொணையா? வெக்கமா இல்ல?”

அழகி வாய் திறக்கப் போனாள். தேவி அவள் கையை அழுத்தினாள்.

“விடுங்கத்தே. காச்சக்காரவுக. சின்னத்தே, நின்னா தலை சுத்தும். இதுல ஒக்காருங்க.”

எழுந்து இடம் கொடுத்து, தண்ணீர் பாட்டிலையும் நீட்டினாள். கண்ணாத்தாள் மடக்மடக்கென்று குடித்தாள். ஏச்சை மட்டும் நிறுத்தவில்லை. ரத்தம் எடுக்கக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள்.

“பொழுது சாயறதுக்குள்ள ஊருக்கே தெரியும், பாத்துக்க.”

“தெரியட்டும் சின்னத்தே. பாத்து மெதுவாப் போங்க.”

அவள் தலை மறைந்ததும் தேவியின் கண்கள் கலங்கின. அழகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

“புருசன் கையெழுத்தெல்லாம் வேணாம்மா, ஒங்க சம்மதமே போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உள்ள வாங்க. தொணைக்கு வந்தவங்க வெளியவே இருக்கணும்.”

தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பயப்படாமப் போயிட்டு வாங்கத்தே. நான் இங்கனதான் இருப்பேன்.”

நாற்பத்து நான்கு வயதில், மருமகள் வந்த வீட்டில், மறுபடியும் வயிற்றில் தங்கிவிட்ட மூன்று மாதக் கருவோடு அழகி உள்ளே போனாள்.