கடைசிப் பெயர் வரை

“அம்மா, மேலே போற பேரெல்லாம் எங்கேம்மா போகுது?”

நாலு வயதில் மகள் கேட்ட கேள்வி. “பேசாம வாயைத் திற” என்பதுதான் அன்று அம்மா சொன்ன பதில்.

இப்போது அந்தப் பெயர்கள் மேலே போவதுகூட இல்லை. மகள் வீட்டு டிவியில் படம் முடிந்து எழுத்து ஓடத் தொடங்கியதும், அது ஒரு மூலையில் சின்னக் கட்டமாகச் சுருங்கி, அடுத்த படம் தானாக ஆரம்பித்துவிடுகிறது.

“மாப்ளே, மாப்ளே! நிறுத்துங்க, ஓடிடப் போகுது!”

மருமகன் ரிமோட்டைத் தேடி எடுத்து, கட்டத்தைப் பெரிதாக்கினான்.

“பால் பொங்கின மாதிரியில்ல பதறுறீங்க அத்தை! அதான் படம் முடிஞ்சு போச்சே?”

“பேரு முடியலையே.”

படங்களை ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டி இணையத்தில் போடுவது அவன் தொழில். முதலில் வெட்டுவது இந்தப் பெயர்களைத்தான்.

“இதையெல்லாம் யாரு அத்தை பாப்பாங்க?”

“அவர்கிட்ட போய்ச் சொல்றியேம்மா!” சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். “சாப்பாட்டையே முதல் கவளம், கடைசி ஏப்பம்னு வெட்டிப் போடற ஆளு!”

மருமகன் சிரித்தான். ஆனால் மனசுக்குள் குடைந்தது. அத்தை இங்கே வந்ததிலிருந்து எந்தப் படமானாலும் இதே கதை. படத்தின் நடுவில் தூங்கினாலும், பெயர் ஓடும்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

சமையலறைக்குப் போய்க் குரலைத் தணித்தான். “உங்கப்பா சினிமாவுல சேரப் போறேன்னு கிளம்பிப் போனவர்தானே? அவர் பேரைத் தேடுறாங்களோ?”

மகள் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்தாள். “தெரியலையே. நான் கேட்டதில்ல.”

அவன் அத்தையின் அருகில் வந்து உட்கார்ந்தான்.

“மாமா பேரா அத்தை? சொல்லுங்க, தட்டினா ஒரு நொடியில வந்துரும். இப்படிக் கண்ணு பூக்க உட்கார வேண்டாம்.”

“அவரு கிடக்காரு.” அத்தை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எனக்கு எழுத்துக் கூட்டவே வராது மாப்ளே. எந்தப் பேருன்னு தேட?”

“அப்புறம் எதுக்கு?”

“அந்தப் பேருக்காரங்களுக்கு நம்மால வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க.”

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் ரிமோட்டில் எதையெதையோ அழுத்தி, தானாக அடுத்த படம் ஓடுவதை அணைத்து வைத்தான்.

“இனிமே கடைசிப் பேரு வரைக்கும் அதுபாட்டுக்குப் போகும் அத்தை.”

“நல்லா இருப்பீங்க.”

அவன் தன் அறைக்குப் போனான். சமையலறையில் குழாய்ச் சத்தம். கூடத்தில் வேறு யாரும் இல்லை. அத்தை மெல்ல இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டாள்.

கடைசிப் பெயர் மறையும்வரை துடைப்பத்தோடு யாரும் அரங்குக்குள் நுழையக் கூடாது என்பது அந்த நாளில் அவள் வேலை பார்த்த தியேட்டர் முதலாளியின் கண்டிப்பு. படம் ஓடும்போது படிக்கட்டும் கழிப்பறையும், முடிந்ததும் அரங்கமுமாகக் கூட்டிக்கொண்டே இருந்த அவளுக்கு, கதவோரம் உட்கார்ந்து, மகளை மடியில் போட்டு, “பேசாம வாயைத் திற” என்று நாலு வாய் ஊட்டக் கிடைத்தது, அந்தப் பெயர்கள் ஓடிய நேரம் மட்டும்தான்.