வர்ற வாரம் முளைக்கும் கால்

குளம் வற்றிக்கொண்டிருந்தது. அநேகமாக எல்லோரும் ஏரிக்குப் போய்விட்டார்கள். கடைசியாகக் கிளம்பிய ஆமை, மூன்று கால் தவளையைப் பார்த்து நின்றது.

"முதுகுல ஏறுடா. ஒருத்தருக்கு இடம் இருக்கு. வெயில் ஏறுது."

"நான் எதுக்கு ஏறணும்ணே? ஓட்டு போட்டா வர்ற வாரமே காலு முளைக்கும்னு தலைவர் சொன்னாருல்ல? போட்டாச்சு. நானே தாவி வர்றேன்."

தலைவர் என்பது தொண்டை பெருத்த ஒரு கிழத் தவளை. நண்டுக்கு ஒடிந்த கொடுக்கு திரும்ப முளைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் மேடையில் அப்படி முழங்கியது.

ஆமைக்குப் பொறுமை போய்விட்டது. வளையில் இருந்த நண்டையே கூப்பிட்டுக் கேட்டது.

"எனக்கு முளைச்சது நிஜம். தவளைக்கு முளைக்குமான்னு இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். முளைக்காமலும் போகலாம். அது தெரியவே பல வருஷம் ஆகும்னு தலைவர்கிட்ட சொன்னேன். அவரு வருஷத்தை முழுங்கிட்டு வாரம்னு சொல்லிட்டாரு."

"உனக்குப் பொறாமை!" என்று தவளை கத்தியது. அதன் வயிற்றுக்குக் கீழே சேறு வெடிக்க ஆரம்பித்திருந்தது.

அப்போது அந்தக் கிழத் தவளை நொண்டிக்கொண்டு வந்தது. யாரையும் கேட்காமல் ஆமை முதுகில் ஏறி உட்கார்ந்தது.

"முட்டி வலி உயிர் போகுது. கிளம்பு, கிளம்பு."

"தலைவரே, காலு முளைக்க வைக்கிற அந்த வைத்தியத்தை நீங்க பண்ணிக்கலையா?" என்று மூன்று கால் தவளை கேட்டது.

"அது பொதுமக்களுக்கு, தம்பி."

தவளை தன் மொட்டைக் காலைப் பார்த்தது. பிறகு ஆமையிடம் சொன்னது:

"அண்ணே, அவரை இறக்கிவிடு. நான் ஏறிக்கிறேன்."