மின்னலை நிற்கவைத்துப் பிடித்த படம்

தண்ணீர்மலை முருகன் மேல் ஆணை, இனி வரும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஜப்பான்காரர்கள் மாற்றிவைத்த தோக்கியோ நேரப்படி மணி எட்டரை ஆகிறது. வானத்துக்கு அது தெரியாததால் பினாங்கில் இப்போதுதான் இருட்டுகிறது. மாடி வராந்தாவில் கனகசுந்தரம் முக்காலிக்குப் பின்னால் குனிந்து, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்திருக்கிறார். அவரிடம் இருப்பது ஊரிலேயே மிச்சமிருக்கிற ஒரே படத்தகடு. கல்யாணத்தன்று குண்டு விழுந்ததால் பிடிக்காமல் போன படத்துக்காக, மனைவி புஷ்பராணி கூறைச்சேலை உடுத்து, சாரலில் அசையாமல் நிற்கிறாள். மின்சாரம் இல்லை. வெளிச்சத்தை மின்னல்தான் போடவேண்டும். “இஞ்சாருங்கோ, கண் இமைக்கலாமோ?” என்கிறாள். “கொஞ்சம் பொறும், அது வரட்டும்.” கீழ்வீட்டுப் பக்கிரிசாமி ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்து, “மின்னல் என்ன உங்க மச்சானா அண்ணே, நில்லுன்னா நிக்கிறதுக்கு?” என்கிறார்.

கொடிமலைக்கு மேல் மின்னல் இறங்குகிறது. “அப்படியே நில்,” என்கிறார் கனகசுந்தரம். நிற்கிறது. மலையில் ஒரு காலை ஊன்றி, மூச்சுவிடாமல் நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் புஷ்பராணி தாலிக்கொடியை வெளியே எடுத்துவிட்டு, நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கி, முகவாயைச் சற்று உயர்த்துகிறாள். பக்கிரிசாமி கிடைத்தவரை லாபமென்று ரேஷன் அரிசியில் கல் பொறுக்கி முடிக்கிறார். “சரி, போகலாம்,” என்கிறார் கனகசுந்தரம். மின்னல் போகிறது, அதுவரை பொறுத்திருந்த இடி மெதுவாக உருள்கிறது. “வடிவா விழுந்திருக்குமோ?” என்று கேட்கிறாள் புஷ்பராணி. “உம்மைவிட மின்னல் கொஞ்சம் கறுப்பு,” என்கிறார் அவர். அவள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். கேமராவை ஜப்பான்காரர்கள் போன வருஷமே கொண்டுபோய்விட்டார்கள். கறுப்புத் துணிக்குள் இருப்பது, காலையில் புஷ்பராணி கழுவித் துடைத்துக் கொடுத்த பிஸ்கட் டின்.